ராத்திரி மேட்ச்சுக்கு சோலார் கரண்ட் எப்படி? ஸ்டேடியங்களுக்குள் வரும் ராட்சத பேட்டரிகள்... முழு விவரம்!

2025 பிப்ரவரி 9. ஒடிசா மாநிலம் கட்டாக்கில் உள்ள பாராபதி ஸ்டேடியம். இந்தியா - இங்கிலாந்து இடையே இரண்டாவது ஒருநாள் போட்டி. 305 ரன்கள் இலக்கு. ரோஹித் சர்மாவும் சுப்மன் கில்லும் அதிரடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது ஓவரில் திடீரென ஒரு ஃப்ளட்லைட் கோபுரம் அணைந்தது. வீரர்கள் பெவிலியனுக்குத் திரும்ப, சுமார் அரை மணி நேரம் ஆட்டம் நின்றது.

அந்த மேட்ச்சை இந்தியா ஜெயித்துவிட்டது. ரோஹித் சதமும் அடித்தார். ஆனால், "சர்வதேசப் போட்டியில் லைட் அணைவதா?" என்ற கேள்வி பெரிதாகக் கிளம்பியது. மாநில விளையாட்டுத் துறை, ஒடிசா கிரிக்கெட் சங்கத்திடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அந்தக் கோபுரத்துக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த ஜெனரேட்டர் பழுதானதுதான் காரணம் என்று சங்கத்தின் தரப்பில் சொல்லப்பட்டது. மாற்று ஜெனரேட்டரைக் கொண்டு வர முயன்றபோது, வழியில் வாகனம் நின்றிருந்ததால் தாமதமானதாம்.

இந்தச் சம்பவத்தில் பலர் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. இவ்வளவு பெரிய ஸ்டேடியத்தின் விளக்குகள் ஏன் டீசல் ஜெனரேட்டரை நம்பி இருக்கின்றன? சோலார் பேனல்கள் வந்துவிட்டன, வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துவிட்டது. ஸ்டேடியத்துக்கு மட்டும் ஒரு பெரிய இன்வெர்ட்டர் வைக்க முடியாதா?

முடியும். சில நாடுகளில் வைத்தும்விட்டார்கள். அது எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு நேரம் தாங்கும், "100 சதவீதம் பசுமை மின்சாரம்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அதன் அர்த்தம் என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்டேடியத்தின் கரண்ட் தேவை ஏன் வித்தியாசமானது?

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் ஏசி, சீரியல் பல்பு, சமையல்கட்டு, மைக் செட் என எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். அடுத்த நாள் வாட்ச்மேன் அறையில் ஒரு லைட்டும் ஃபேனும் மட்டும்தான். ஆனாலும் மண்டபத்துக்கு மின் இணைப்பு வாங்கும்போது முகூர்த்த நாளைக் கணக்கில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

ஸ்டேடியமும் கிட்டத்தட்ட அப்படித்தான். மேட்ச் நடக்கும் சில மணி நேரத்துக்கு ஃப்ளட்லைட், ராட்சத ஸ்கிரீன், ஒலிபெருக்கி, லிஃப்ட், உணவுக் கடைகள், விஐபி பாக்ஸ்களின் ஏசி, டிவி ஒளிபரப்பு வண்டிகள் என எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கும். மேட்ச் முடிந்து கூட்டம் கலைந்ததும் தேவை சடாரென்று விழுந்துவிடும்.

மற்ற நாட்களில் சுத்தமாகத் தேவையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அலுவலகங்கள், குளிர்பதன அறைகள், புல்லுக்குத் தண்ணீர் விடும் மோட்டார்கள் இயங்கும். வெயில் குறைந்த ஐரோப்பிய ஸ்டேடியங்களில் புல் வளர்வதற்கே தனியாக விளக்குகளை நாள்கணக்கில் எரிய விடுகிறார்கள். ஆனாலும் மேட்ச் ராத்திரியின் உச்சத் தேவையோடு ஒப்பிட்டால் சாதாரண நாளின் தேவை மிகக் குறைவு.

இதில் இன்னொரு சிக்கல், நேரம். ஐபிஎல் மேட்ச் பெரும்பாலும் தொடங்குவது ராத்திரி 7.30 மணிக்கு. வீடுகளில் லைட், டிவி, ஏசி எல்லாம் ஓடும் நேரமும் அதுதான். சோலார் மின்சாரம் முழுவதும் ஓய்ந்துபோகும் நேரமும் அதேதான். அதாவது, ஊருக்கே மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் ஸ்டேடியமும் வந்து கை நீட்டுகிறது.

டீசல் ஜெனரேட்டரை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

வீட்டில் கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போட்டுக்கொள்ளலாம். நடுவில் சில நொடிகள் இருட்டாக இருந்தாலும் பிரச்னை இல்லை. ஸ்டேடியத்தில் அந்தச் சில நொடிகளே பெரிய பிரச்னை.

காரணம், பழைய வகை ஃப்ளட்லைட்டுகள். மெட்டல் ஹாலைடு என்று அழைக்கப்படும் இந்த விளக்குகள், ஒருமுறை அணைந்தால் உடனே எரியாது. சூடு தணிந்த பிறகுதான் மறுபடி பற்றும். அதன் பிறகும் முழு வெளிச்சத்துக்கு வர நேரமெடுக்கும். கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் மேட்ச் பல நிமிடங்கள் நின்றுவிடும். கோடிக்கணக்கான பேர் பார்க்கும் நேரலையில் அது பெரிய தலைவலி.

அதனால்தான் பல இடங்களில் மேட்ச் நேரம் முழுவதும் ஜெனரேட்டரை ஓட விட்டே வைத்திருப்பார்கள். கரண்ட் போனால் போடுவதற்காக அல்ல, போகவே கூடாது என்பதற்காக. ஒளிபரப்பு வண்டிகளுக்கும் பெரும்பாலும் தனி ஜெனரேட்டர்தான். விளைவு? பக்கத்தில் மின் கம்பி இருந்தும், மணிக்கணக்கில் டீசல் எரிகிறது. புகையும் சத்தமும் தனி.

இப்போது எல்.இ.டி. ஃப்ளட்லைட்டுகள் வந்துவிட்டன. இவை ஸ்விட்ச் போட்டதும் எரியும், மின்சாரமும் குறைவாகவே எடுக்கும். பேட்டரி இந்தக் கதைக்குள் வருவதற்கு வழி விட்டதில் எல்.இ.டி.க்கும் பங்கு உண்டு. தேவை குறைந்தால்தானே பேட்டரியின் அளவும் கட்டுக்குள் இருக்கும்!

கூரை முழுக்க சோலார்... எங்கெல்லாம் இருக்கிறது?

ஸ்டேடியத்தின் கூரை என்பது நகரத்தின் நடுவே சும்மா கிடக்கும் பல ஏக்கர் இடம். மேலே மரம் கிடையாது, பக்கத்துக் கட்டட நிழல் பெரிதாக விழாது. சோலார் பேனலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தைவானின் காவ்சியுங் நகரில் 2009 உலக விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட தேசிய ஸ்டேடியம் இதில் ரொம்பப் பிரபலம். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டோயோ இட்டோ வடிவமைத்தது. மேலிருந்து பார்த்தால் வளைந்து கிடக்கும் டிராகன் மாதிரி இருக்கும். அந்த டிராகனின் செதில்கள் எல்லாமே சோலார் பேனல்கள். மொத்தம் 8,844. போட்டி இல்லாத நாட்களில் மிச்சமாகும் மின்சாரம் பொது மின் கட்டமைப்புக்குப் போகிறது.

பிரேசிலின் பெலோ ஹொரிசொன்டே நகரில் உள்ள மினெய்ரோ ஸ்டேடியம் கால்பந்து ரசிகர்களுக்கு மறக்க முடியாத இடம். 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசிலை ஜெர்மனி 7-1 என்று நொறுக்கியது இங்கேதான். அந்தத் தொடருக்காகப் புதுப்பித்தபோது இதன் கூரையிலும் சோலார் பேனல்கள் வைத்தார்கள்.

நம் பக்கத்து ஊர் உதாரணமும் உண்டு. பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் 2015-ம் ஆண்டு 400 கிலோவாட் சோலார் அமைப்பு பொருத்தப்பட்டது. இவ்வளவு பெரிய அளவில் சோலாருக்கு மாறிய முதல் கிரிக்கெட் ஸ்டேடியம் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் பயன்படுத்தியது போக மிச்சம், நகரின் மின் விநியோக நிறுவனத்துக்குப் போகும்.

சரி, பகலில் கிடைக்கும் கரண்ட் ராத்திரி மேட்ச்சுக்கு எப்படி வரும்?

பேட்டரி இல்லாத ஸ்டேடியத்தில் உண்மையில் அது வருவதில்லை. கணக்குப் புத்தகத்தில் மட்டும்தான் வருகிறது.

நெட் மீட்டரிங் என்ற முறை வீட்டுக் கூரையில் சோலார் வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பகலில் மிச்சமாகும் யூனிட்டுகளை மின் கட்டமைப்புக்கு அனுப்புகிறோம். ராத்திரி தேவைப்படும் யூனிட்டுகளை அங்கிருந்து எடுக்கிறோம். கடைசியில் அனுப்பியதையும் எடுத்ததையும் கழித்து பில் போடுவார்கள். மின் கட்டமைப்பை ஒரு வங்கி மாதிரி பயன்படுத்துகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தென்னிந்திய வெயிலில் 1 கிலோவாட் சோலார், சராசரியாக ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் கொடுக்கும். அப்படியென்றால் 400 கிலோவாட் அமைப்பு ஒரு நாளைக்கு சுமார் 1,600 யூனிட் தரும். ஒரு ஸ்டேடியம் ராத்திரி மேட்ச்சில் 1 மெகாவாட் மின்சாரம் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 4 மணி நேரத்துக்கு 4,000 யூனிட் ஆகும். அதாவது ஒரு ராத்திரி மேட்ச்சுக்கு இரண்டரை நாள் வெயில் தேவை.

மாதத்துக்கு நான்கைந்து மேட்ச் நடந்தாலும் வருஷக் கணக்கில் இது சமாளிக்கக்கூடியதுதான். பில்லும் குறையும். அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் மத்தியானம் 12 மணிக்குக் கொடுத்த யூனிட்டும் ராத்திரி 8 மணிக்கு எடுக்கும் யூனிட்டும் ஒன்றல்ல. மத்தியானம் எல்லா சோலார் பேனல்களும் உற்பத்தி செய்துகொண்டிருக்கும், மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும். ராத்திரி 8 மணிக்கு அந்தப் பேனல்கள் எதுவும் வேலை செய்யாது. அந்த நேரத்துத் தேவையை இந்தியாவில் பெரும்பாலும் நிலக்கரி அனல்மின் நிலையங்கள்தான் தாங்குகின்றன. பில்லில் சோலார் என்று இருந்தாலும், விளக்கை எரிய வைப்பது பெரும்பாலும் நிலக்கரிதான்.

பகல் வெயிலை ராத்திரிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அதை எங்கேயாவது சேமிக்க வேண்டும். அங்கேதான் பேட்டரி வருகிறது.

மெகாவாட், மெகாவாட் ஹவர்... இரண்டும் ஒன்றா?

பேட்டரி பற்றிய செய்திகளில் அதிகம் குழப்புவது இந்த இரண்டு வார்த்தைகள்தான். மொட்டை மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

தொட்டியில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பது மெகாவாட் ஹவர். அதிலிருந்து வரும் குழாய் எவ்வளவு பெரியது, ஒரே நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது மெகாவாட். தொட்டி பெரிதாக இருந்து குழாய் சிறியதாக இருந்தால், தண்ணீர் நிறைய நேரம் வரும், ஆனால் மெதுவாகத்தான் வரும். குழாய் பெரிதாக இருந்து தொட்டி சிறியதாக இருந்தால், குபுகுபுவென்று வரும், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நம் கரண்ட் பில்லில் வரும் 1 யூனிட் என்பது 1 கிலோவாட் ஹவர். அப்படி 1,000 யூனிட் சேர்ந்தால் 1 மெகாவாட் ஹவர். இதை மனதில் வைத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமுக்குப் போவோம்.

ஆம்ஸ்டர்டாமில் என்ன செய்தார்கள்?

நெதர்லாந்தின் புகழ்பெற்ற அயாக்ஸ் கால்பந்து அணியின் சொந்த மைதானம், யோஹான் க்ரைஃப் அரீனா. 1996-ல் திறக்கப்பட்ட இந்த ஸ்டேடியத்தில் சுமார் 55,000 பேர் உட்காரலாம். கூரையில் 4,200 சோலார் பேனல்கள் இருக்கின்றன.

2018 ஜூன் மாதம் இங்கே 3 மெகாவாட் திறனும் 2.8 மெகாவாட் ஹவர் சேமிப்பும் கொண்ட ஒரு பேட்டரி அமைப்பு பயன்பாட்டுக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டி கணக்கில் சொன்னால் தொட்டியின் கொள்ளளவு 2,800 யூனிட். குழாயை முழுசாகத் திறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் காலி.

அந்த பேட்டரியை எதை வைத்துச் செய்தார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். நிசான் நிறுவனத்தின் லீஃப் எலக்ட்ரிக் கார்களில் இருக்கும் பேட்டரிகள்! 148 கார்களின் பேட்டரிக்குச் சமமான அளவு. அதில் புதியவையும் உண்டு, கார்களில் ஓடி ஓய்ந்த பழையவையும் உண்டு. பேட்டரியில் இருக்கும் மின்சாரத்தை ஸ்டேடியத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர்களை ஈட்டன் நிறுவனம் கொடுத்தது. எப்போது சார்ஜ் செய்வது, எப்போது வெளியே விடுவது என்று நிர்வகிக்கும் வேலை மொபிலிட்டி ஹவுஸ் என்ற நிறுவனத்துடையது.

மேட்ச் நாளில் இந்த பேட்டரி மூன்று வேலைகளைச் செய்யும். ஒன்று, கரண்ட் போனால் உடனே கைகொடுக்கும். இரண்டு, உச்சத் தேவை வரும் நேரத்தில் ஒரு பகுதியைத் தானே தாங்கி, வெளியிலிருந்து இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும். மூன்று, டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டிய நேரத்தைக் குறைக்கும்.

அதே 2018-ல் லண்டனில் உள்ள ஆர்சனல் கிளப்பும் இதே பாதைக்கு வந்தது. 60,000 பேர் அமரும் எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்கு 3 மெகாவாட், 3.7 மெகாவாட் ஹவர் அளவில் பேட்டரி திட்டம் அறிவிக்கப்பட்டது. கிக்-ஆஃபில் இருந்து கடைசி விசில் வரை ஒரு முழு மேட்ச்சையும் இதை வைத்தே நடத்திவிடலாம் என்று அப்போது சொன்னார்கள்.

கவனியுங்கள், அது கால்பந்து மேட்ச். இடைவேளையைச் சேர்த்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டி20 கிரிக்கெட் மூன்றரை மணி நேரத்தைத் தாண்டும். பகல்-இரவு ஒருநாள் போட்டியில் லைட் எரிய வேண்டிய நேரம் அதைவிட அதிகம். கால்பந்துக்குப் போதுமான பேட்டரி கிரிக்கெட்டுக்கு அப்படியே போதாது.

மேட்ச் இல்லாத நாளில் பேட்டரி சும்மா கிடக்குமா?

இங்கேதான் ட்விஸ்ட். ஸ்டேடியத்தில் பேட்டரி வைப்பது கட்டுப்படியாவதற்குக் காரணமே மேட்ச் இல்லாத நாட்கள்தான்.

வருஷத்துக்குச் சில டஜன் மேட்ச்சுகளுக்காக மட்டும் இவ்வளவு பெரிய பேட்டரி வாங்கினால் போட்ட பணம் திரும்ப வராது. மற்ற நாட்களில் அது வெளியே வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் பேட்டரி செய்வதும் அதைத்தான்.

என்ன வேலை அது? மின்சாரத்தைப் பொறுத்தவரை, எவ்வளவு பயன்படுத்துகிறோமோ அவ்வளவு அதே நொடியில் உற்பத்தியாக வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு தராசு மாதிரி. அந்தத் தராசின் முள்தான் ஃப்ரீக்வென்ஸி எனப்படும் அலைவெண். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் அது 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். தேவை கூடினால் முள் 50-க்குக் கீழே இறங்கும். உற்பத்தி கூடினால் மேலே ஏறும். ரொம்ப விலகினால் ஊரே இருளில் மூழ்கும் அபாயம் உண்டு.

முள் கொஞ்சம் அசைந்ததுமே அதைப் பிடித்து நிறுத்துவதற்கு ஆட்கள் தேவை. ஐரோப்பிய மின் கட்டமைப்பில் இந்தச் சேவைக்குப் பணம் கொடுக்கிறார்கள். அழைப்பு வந்தால் 30 நொடிகளுக்குள் முழுத் திறனையும் காட்ட வேண்டும் என்பது விதி. அனல்மின் நிலையம் இதற்குத் திணறும். பேட்டரிக்கு ஒரு நொடிகூட வேண்டாம். மின்சாரம் கூடினால் உறிஞ்சிக்கொள்ளும், குறைந்தால் வெளியே விடும்.

ஆக, அயாக்ஸ் அணிக்கு மேட்ச் இல்லாத நாளில், ஸ்டேடியத்துக்குள் இருக்கும் அந்த பேட்டரி நெதர்லாந்தின் மின் கட்டமைப்பைச் சமநிலையில் வைக்க உதவிக்கொண்டிருக்கும். அதற்குக் காசும் வாங்கிக்கொள்ளும். இன்னொரு வழியும் உண்டு. விலை குறைவான நேரத்தில் சார்ஜ் செய்துவைத்து, விலை ஏறும் நேரத்தில் பயன்படுத்துவது அல்லது விற்பது.

மேட்ச் அட்டவணை பல வாரங்களுக்கு முன்பே தெரிந்துவிடும் என்பதும் வசதி. "இந்தத் தேதியில் பேட்டரி எங்களுக்கு வேண்டும், மற்ற நாட்களில் நீங்கள் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று திட்டமிட்டுவிடலாம். முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபத்தைக் கண்காட்சிக்கு வாடகைக்கு விடுவது மாதிரிதான்.

பழைய கார் பேட்டரி நம்பகமானதா?

"ஓடி ஓய்ந்த பேட்டரியை வைத்தா இவ்வளவு பெரிய ஸ்டேடியத்தை நம்புவது?" என்று தோன்றலாம். நியாயமான சந்தேகம்தான்.

எலக்ட்ரிக் கார் பேட்டரி வருஷங்கள் ஆக ஆக, அது சேமிக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். புதிதில் இருந்த அளவில் 70 முதல் 80 சதவீதத்துக்கு வந்துவிட்டால் காருக்கு அது சரிப்பட்டு வராது. ஒரே சார்ஜில் போகும் தூரம் குறைந்துவிடும். ஆனால் அந்த பேட்டரி செத்துவிடவில்லை. இன்னும் முக்கால்வாசி உயிர் இருக்கிறது.

காருக்கு எடையும் இடமும் முக்கியம். கட்டடத்துக்குள் ஒரே இடத்தில் நிற்கும் பேட்டரிக்கு அந்தக் கவலை இல்லை. 100 பேட்டரி தேவைப்படும் இடத்தில் 130 அடுக்கினால் போயிற்று. ஒரு பேட்டரி பழுதானாலும் அதை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். குப்பைக்கோ மறுசுழற்சிக்கோ போக வேண்டிய பேட்டரி, இன்னும் சில வருஷங்கள் உழைத்துவிட்டுப் போகிறது. சுற்றுச்சூழலுக்கு இதுவும் ஒரு லாபம்.

"100 சதவீதம் பசுமை மின்சாரம்" என்றால் என்ன அர்த்தம்?

2024 பிப்ரவரி 11-ம் தேதி அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் உள்ள அலீஜியன்ட் ஸ்டேடியத்தில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டி நடந்தது. முழுக்க முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் நடக்கும் முதல் சூப்பர் பவுல் என்று உலகம் முழுவதும் செய்தி வந்தது. நெவாடா பாலைவனத்தில் இருக்கும் மிகப்பெரிய சோலார் பண்ணையிலிருந்து மின்சாரம் வாங்க ஸ்டேடியம் நீண்டகால ஒப்பந்தம் போட்டிருந்தது.

நல்ல விஷயம்தான். அந்த ஒப்பந்தம் இருந்தால்தான் சோலார் பண்ணைகளுக்கு நிலையான வருமானம் கிடைக்கும், புதிய பண்ணைகளும் வரும். ஆனால் கடிகாரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அந்தப் போட்டி தொடங்கியது உள்ளூர் நேரப்படி மதியம் 3.30 மணிக்கு. பிப்ரவரியில் லாஸ் வேகாஸில் மாலை ஐந்தேகால் மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஆட்டமோ சமனாகி, கூடுதல் நேரம் வரை போய், கான்சாஸ் சிட்டி அணி 25-22 என்று ஜெயித்தபோது நன்றாக இருட்டிவிட்டது. விறுவிறுப்பான கட்டம் முழுவதும் சூரியன் இல்லாத நேரத்தில்தான் நடந்தது.

அப்போ அந்தச் செய்தி பொய்யா? பொய் இல்லை. ஆனால் அர்த்தம் வேறு. பொதுவாக இப்படிப்பட்ட அறிவிப்புகளில், "நாங்கள் பயன்படுத்திய மொத்த யூனிட்டுக்கு ஈடாகப் பசுமை மின்சாரம் வாங்கிவிட்டோம்" என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு மணி நேரமும் எரிந்த விளக்குக்கு அதே மணி நேரத்தில் பசுமை மின்சாரம் வந்ததா என்பது வேறு கணக்கு. முதல் கணக்குக்கு ஒப்பந்தம் போதும். இரண்டாவது கணக்குக்கு பேட்டரி மாதிரி ஏதாவது ஒரு சேமிப்பு, இல்லாவிட்டால் ராத்திரியிலும் கிடைக்கும் காற்றாலை அல்லது நீர்மின்சாரம் வேண்டும்.

பேட்டரி இருந்தால் லைட் அணையவே அணையாதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இதற்கும் ஒரு சூப்பர் பவுல் உதாரணம் இருக்கிறது.

2013 பிப்ரவரி 3-ம் தேதி நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம் ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, பாதி ஸ்டேடியம் இருட்டானது. 34 நிமிடங்கள் ஆட்டம் நின்றது. ஊரில் மின்தட்டுப்பாடு எதுவும் இல்லை. ஸ்டேடியத்துக்கு வரும் மின்பாதையைப் பாதுகாப்பதற்காக வைத்திருந்த ரிலே கருவியே இணைப்பைத் துண்டித்துவிட்டது என்று பிறகு தெரியவந்தது.

அதாவது, பிரச்னை மின்சாரம் இல்லாதது அல்ல. மின்சாரம் வரும் வழி. கட்டாக்கில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். மாற்று ஜெனரேட்டர் இருந்தது, அது கோபுரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை.

அதனால் எவ்வளவு பெரிய பேட்டரி என்பதைவிட, அது எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவில் உள்ள சுவிட்ச் பழுதானால் பேட்டரி நிரம்பி இருந்தும் பிரயோஜனம் இல்லை. விளக்குகளை ஒரே பாதையில் இணைக்காமல் இரண்டு பாதைகளாகப் பிரிப்பது, மேட்ச்சுக்கு முன்பே கரண்ட்டைத் துண்டித்துச் சோதனை செய்து பார்ப்பது போன்ற வேலைகளுக்கு மாற்று கிடையாது.

தீ ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது. லித்தியம் பேட்டரியில் ஒரு செல் அளவுக்கு மீறிச் சூடானால், பக்கத்து செல்லுக்கும் அது பரவி, தீ சங்கிலித் தொடராகப் போகலாம். அணைப்பதும் கஷ்டம், புகையும் நச்சு. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் மாஸ் லாண்டிங்கில் உள்ள பிரமாண்ட பேட்டரி நிலையத்தில் தீப்பிடித்தபோது, சுற்றுவட்டாரத்தில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது.

அது ஸ்டேடிய பேட்டரியைவிடப் பல நூறு மடங்கு பெரியது. ஆனாலும் பாடம் பொதுவானதுதான். 50,000 பேர் கூடும் இடத்தில், பேட்டரி அறை பார்வையாளர் மாடங்களிலிருந்தும் வெளியேறும் வழிகளிலிருந்தும் விலகி இருக்க வேண்டும். தீ பரவாத சுவர்கள், வெப்பத்தைக் கண்காணிக்கும் கருவிகள், புகை வெளியேறத் தனி வழி ஆகியவை கட்டாயம். சூட்டைக் கூடுதலாகத் தாங்கக்கூடிய லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரிகள் இப்போது அதிகமாகப் பயன்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேட்டரி இல்லாமலே டீசலைக் குறைக்க முடியாதா?

முடியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதைத்தான் செய்தார்கள். வழக்கமாகப் பெரிய போட்டிகளுக்குத் தற்காலிக ஜெனரேட்டர்களை வரிசையாக நிறுத்துவார்கள். பாரிஸில் அதற்குப் பதிலாகப் போட்டி நடக்கும் இடங்களைப் பொது மின் கட்டமைப்போடு உறுதியாக இணைத்து, டீசல் பயன்பாட்டைப் பெருமளவு குறைத்தார்கள். நம்பகமான மின் இணைப்பு இருந்தால், பேட்டரிக்கு முன்பே செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். பெரிய விளையாட்டுப் போட்டிகளால் ஏற்படும் கார்பன் மாசில் பெரும்பகுதி விளக்குகளால் வருவதல்ல. ரசிகர்களும் அணிகளும் விமானத்திலும் காரிலும் வந்து போவதால் வருவது. கூரையில் சோலார் வைத்ததால் மட்டும் அது குறையாது. பக்கத்தில் மெட்ரோ ரயில் நிலையம் இருந்தால் குறையும்.

இனி ஒரு ஸ்டேடியம் "பசுமை ஸ்டேடியம்" என்றால் என்ன கேட்கலாம்?

இந்தியாவில் ஸ்டேடியங்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பழையவற்றையும் புதுப்பிக்கிறார்கள். இதில் பொதுப் பணமும் இருக்கிறது, நாம் கொடுக்கும் டிக்கெட் காசும் இருக்கிறது. எனவே, அடுத்த முறை அப்படி ஓர் அறிவிப்பு வரும்போது இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. சோலார் மின்சாரம் ஸ்டேடியத்தின் கூரையில் கிடைக்கிறதா, இல்லை வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வாங்குகிறார்களா? இரண்டும் தப்பில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

2. ராத்திரி மேட்ச் நேரத்தில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? "வருஷக் கணக்கில் சரியாகிவிடும்" என்பது இதற்கான பதில் இல்லை.

3. பேட்டரி இருந்தால், எத்தனை மெகாவாட், எத்தனை மெகாவாட் ஹவர்? ஒன்றை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் தெரியும். விளக்குகள் எத்தனை மணி நேரம் எரியும் என்று கேட்டால் முழுக் கதையும் வந்துவிடும்.

4. மேட்ச் நாளில் டீசல் ஜெனரேட்டர் ஓடுகிறதா? சோலார் பேனல் பளபளக்கும் ஸ்டேடியத்தின் பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

5. மேட்ச் இல்லாத நாட்களில் அந்த சோலாரும் பேட்டரியும் யாருக்குப் பயன்படுகின்றன? நகரத்துக்குப் பயன்படுகிறது என்றால், அந்தத் திட்டம் நிலைத்து நிற்க வாய்ப்பு அதிகம்.

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். ஸ்டேடியம் என்பது வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் பூட்டிக் கிடக்கும் இடம். அதன் கூரையும் பேட்டரியும் பூட்டிக் கிடக்க வேண்டியதில்லை என்பதை ஆம்ஸ்டர்டாம் காட்டியிருக்கிறது. மத்தியான வெயிலைச் சேர்த்துவைத்து, ஊரே லைட் போடும் சாயங்கால நேரத்தில் திருப்பிக் கொடுக்கும் ஸ்டேடியம், மேட்ச் பார்க்கப் போகாதவர்களுக்கும் பயன்படும்.